நானோ டிவைஸில் மின்தடை எங்கே இருக்கிறது? புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

நானோ அளவிலான டிவைஸில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்று படிக்க உட்காருபவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளியில் படித்த ஓம் விதியைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பியை மனத்துக்குள் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். ஒரு மில்லிமீட்டர், ஒரு மைக்ரோமீட்டர், நூறு நானோமீட்டர் என்று குறைத்துக்கொண்டு வந்தால் எங்கோ ஓரிடத்தில் கணக்கு ஒத்துவராமல் போகும். எங்கே, ஏன் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. நானும் அந்தச் சுற்றுவழியில் வந்தவன்தான். நீங்கள் சுற்ற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் யோசனை ஒன்றுதான்: பெரிய கம்பியிலிருந்து கீழே இறங்காதீர்கள். ஒரே ஒரு எலெக்ட்ரான் வழியிலிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் "மின்தடை இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

தேவையான முன்னறிவு அதிகமில்லை. மேட்ரிக்ஸ் பெருக்கலும் தலைகீழும், ஒரு பரிமாண ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பார்த்த பழக்கம், பைத்தானில் நாற்பது வரி எழுதும் துணிச்சல், இவை போதும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முதல் நான்கு படிகளை ஒரு மாதத்தில் முடிக்கலாம். லேப் வேலைக்கு முன்பு வரை கைக்காசு செலவாகாது. மென்பொருள், கட்டுரைகள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன.

1. மூன்று நீளங்களை எழுதி வையுங்கள்

எந்த டிவைஸைப் பற்றிப் படித்தாலும் முதலில் மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்.

முதலாவது, டிவைஸின் நீளம். இரண்டாவது, சராசரி மோதலிடைத் தூரம், அதாவது எலெக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சராசரியாகச் செல்லும் தூரம். அறை வெப்பநிலையில் தாமிரத்தில் இது சுமார் 40 நானோமீட்டர். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் நல்ல மெல்லிய அடுக்கில், மிகக் குறைந்த வெப்பநிலையில், பல மைக்ரோமீட்டர் வரை போகும். மூன்றாவது, ஃபெர்மி மட்டத்தில், அதாவது எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் மட்டத்தில், உள்ள எலெக்ட்ரானின் அலைநீளம். தாமிரத்தில் இது அரை நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. காலியம் ஆர்சனைடு அடுக்கில் சுமார் 40 நானோமீட்டர்.

டிவைஸின் நீளம் மோதலிடைத் தூரத்தைவிடப் பல மடங்கு பெரிதென்றால் பழைய ஓம் விதியே போதும். சிறிதென்றால் எலெக்ட்ரான் மோதாமலே மறுமுனைக்குப் போய்விடும். இதை பாலிஸ்டிக் கடத்தல் என்கிறார்கள். அகலம் அலைநீளத்துக்கு நெருங்கி வந்தால் எலெக்ட்ரான் போகும் வழிகளை விரல்விட்டு எண்ணலாம்.

கவனம்: சிப் விளம்பரங்களில் வரும் "3 நானோமீட்டர்" போன்ற எண்ணை டிவைஸின் நீளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தலைமுறைக்கு வைத்த பெயர். அந்தச் சிப்பிலும் டிரான்சிஸ்டரில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் நீளம் பத்து நானோமீட்டருக்கு மேல்தான் இருக்கும்.

2. ஒரே ஒரு வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு பெரிய உலோக முனைகள். நடுவில் ஒரு எலெக்ட்ரான் அலை மட்டுமே நுழையக்கூடிய குறுகிய வழி. அதில் மோதல் இல்லை, அழுக்கு இல்லை, குறையே இல்லை. மின்தடை எவ்வளவு?

பூஜ்யம் என்று சொல்லத் தோன்றும். விடை 12.9 கிலோ ஓம். எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கிப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 77.5 மைக்ரோ சீமென்ஸ் வரும்; அதுதான் ஒரு வழியின் அதிகபட்சக் கடத்துதிறன். இரண்டால் பெருக்குவது எலெக்ட்ரானின் சுழற்சியின் (ஸ்பின்) இரு திசைகளுக்காக. இதில் பொருளின் பெயரோ நீளமோ எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மோதலே இல்லாத இடத்தில் மின்தடை எங்கிருந்து வந்தது? முனையிலிருந்து. உலோக முனையில் எலெக்ட்ரான் போகக் கணக்கற்ற வழிகள் உண்டு, நடுவில் ஒன்றுதான். அகலமான சாலையில் வரும் வண்டிகள் ஒற்றைச் சுங்கச்சாவடிக்கு முன்னால் தேங்குவது போல, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மின்னழுத்தம் விழுகிறது. வெப்பமும் நடுவில் வெளிப்படாது. எலெக்ட்ரான் தன் கூடுதல் ஆற்றலை முனைக்குள் போன பிறகே இழக்கிறது. இது மனத்தில் உட்காரச் சில நாள் பிடிக்கும். உட்காராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 1988இல் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த இரு குழுக்கள் காலியம் ஆர்சனைடு அடுக்கில் ஒரு குறுகிய இடைவெளியை மெல்லத் திறந்தபோது, கடத்துதிறன் சீராக ஏறாமல் இதே அளவில் படிப்படியாக ஏறியது. தங்கக் கம்பியை இழுத்து அறுக்கும்போதும், அறுபடுவதற்குச் சற்று முன், ஒரே அணு இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் நொடியில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

3. வழிகளை எண்ணி, நீளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வழிகளை எண்ணுவது எளிது. தட்டையான அடுக்கு என்றால் அகலத்தை அரை அலைநீளத்தால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுங்கள். அலைநீளம் 40, அகலம் 100 நானோமீட்டர் என்றால் ஐந்து வழிகள்.

நீளத்துக்கு ஒரு வாய்பாடு போதும். எலெக்ட்ரான் மறுமுனையை அடையும் நிகழ்தகவு = மோதலிடைத் தூரம் ÷ (மோதலிடைத் தூரம் + நீளம்). அதிலிருந்து:

மின்தடை = (12.9 கிலோ ஓம் ÷ வழிகளின் எண்ணிக்கை) × (1 + நீளம் ÷ மோதலிடைத் தூரம்)

அடைப்புக்குள் இருக்கும் அந்த 1 முனைகளின் பங்கு. அடுத்து வருவது நமக்குப் பழக்கமான ஓம் விதி. நீளம் மிகப் பெரிதானால் 1 கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் பள்ளியில் அதை யாரும் சொல்லவில்லை.

ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். உலோகத் தன்மையுள்ள ஒரு கார்பன் நானோகுழாய், நீளம் 300 நானோமீட்டர். இதில் வழிகள் இரண்டு, ஆகவே மின்தடையின் கீழ் எல்லை 6.45 கிலோ ஓம். குறைந்த மின்னழுத்தத்தில் மோதலிடைத் தூரம் ஒரு மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். வாய்பாட்டின்படி 6.45 × 1.3, அதாவது சுமார் 8.4 கிலோ ஓம் வர வேண்டும். நீங்கள் அளந்தபோது வந்தது 30 கிலோ ஓம். "குழாய் மோசம்" என்று முடிவெடுக்கத் தோன்றும். குழாயின் உள்ளே நடக்கும் மோதலுக்கு இதில் பங்கு 2 கிலோ ஓம்கூட இல்லை. மிச்சம் 21 கிலோ ஓமுக்கு மேல் உலோகமும் குழாயும் ஒட்டிய இடத்தில் கிடக்கிறது. சரிசெய்ய வேண்டியது அந்த ஒட்டைத்தான்.

இந்தக் கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு டிவைஸின் மின்தடையைக் கேள்விப்பட்டவுடன் மூன்று பங்காகப் பிரியுங்கள்: தவிர்க்கவே முடியாத பங்கு, மோதலால் வந்த பங்கு, மோசமான ஒட்டால் வந்த பங்கு.

4. ஆற்றல் படம் வரையாமல் எதையும் பேசாதீர்கள்

இடது முனை, வலது முனை, நடுவில் ஆற்றல் மட்டங்கள். இரு முனைகளின் ஃபெர்மி மட்டத்தையும் கோடாக வரையுங்கள். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு கோடு ஏறும், மற்றது இறங்கும். அந்த இரண்டு கோடுகளுக்கு இடையே அகப்படும் மட்டங்கள் வழியாக மட்டுமே ஓட்டம் நடக்கும்.

புதியவர்கள் மறக்கும் விஷயம், அந்தக் கோடு கூர்மையானதல்ல என்பது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். கோடு உண்மையில் அதைப்போல் மூன்றரை மடங்கு அகலத்துக்குக் கலங்கி இருக்கும். திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில், வெப்ப ஆற்றல் 0.36 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. முன்சொன்ன கடத்துதிறன் படிகள் அறை வெப்பநிலையில் பல டிவைஸ்களில் மறைந்துபோவது இதனால்தான்.

டிரான்சிஸ்டர் படிப்பவர்களுக்கு இங்கேயே ஒரு சோதனைக் கல் கிடைக்கிறது. சாதாரண டிரான்சிஸ்டரில் அறை வெப்பநிலையில் ஓட்டத்தைப் பத்து மடங்காக்கக் குறைந்தது 60 மில்லிவோல்ட் கேட் மின்னழுத்தம் வேண்டும். யாராவது 45 என்று காட்டினால் வியக்கும் முன் அளவீட்டைச் சந்தேகியுங்கள். டனலிங்கை, அதாவது எலெக்ட்ரான் தடுப்பை ஊடுருவிப் போவதை, நம்பிக் கட்டிய டிரான்சிஸ்டருக்கு இந்த எல்லை பொருந்தாது, அது வேறு கதை.

5. தடுப்பு இருந்தால் எது நடக்கிறது என்று பிரியுங்கள்

ஆற்றல் தடுப்பைத் தாண்ட எலெக்ட்ரானுக்கு இரண்டு வழி: வெப்ப உதவியால் மேலே ஏறிக் குதிப்பது, அல்லது டனலிங் மூலம் ஊடுருவிப் போவது. இரண்டையும் பிரிக்கும் மலிவான கருவி வெப்பநிலை.

அறை வெப்பநிலையில் ஒருமுறை, திரவ நைட்ரஜனில் (77 கெல்வின்) ஒருமுறை அளந்து பாருங்கள். தடுப்பின் உயரம் 100 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டாக இருந்து, எலெக்ட்ரான்கள் ஏறிக் குதிப்பவையாக இருந்தால், ஓட்டம் எழுபதாயிரம் மடங்குக்கு மேல் விழும். டனலிங் என்றால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். திரவ ஹீலியத்துக்குப் பணமும் முன்பதிவும் வேண்டும். நைட்ரஜன் அதைவிடப் பலமடங்கு மலிவு. முதல் கேள்விக்கு நைட்ரஜனே விடை சொல்லிவிடும், அவசரப்பட்டு ஹீலியத்துக்குப் போக வேண்டாம்.

டனலிங் தூரத்தை எவ்வளவு கடுமையாகச் சார்ந்தது என்பதற்கு ஓர் எண்: சாதாரண உலோகங்களுக்கு இடையே வெற்றிடம் இருந்தால், இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடும்போது ஓட்டம் சுமார் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே தடிமனில் ஒரு அணு அளவு சமனின்மை இருந்தாலும் ஓட்டம் முழுவதும் மெல்லிய இடத்தில்தான் பாயும். "சராசரித் தடிமன்" என்று ஓர் எண்ணைப் போட்டு வளைவைப் பொருத்தித் தடுப்பின் உயரத்தை மூன்று தசமம் வரை எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்தத் தசமங்களை நம்பாதீர்கள்.

இதோடு ஒற்றை எலெக்ட்ரான் விளைவையும் பார்த்துவிடுங்கள். இரு முனைகளுக்கும் நடுவில் தடுப்புகளால் பிரிந்து நிற்கும் சிறு தீவின் மின்தேக்குத்திறன் ஒரு அட்டோஃபேரட் (10⁻¹⁸ ஃபேரட்) என்றால், கூடுதலாக ஒரு எலெக்ட்ரானை ஏற்ற 0.16 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் விலை கேட்கும். அறை வெப்பநிலையின் 26 மில்லியைவிட அது பெரிது, ஆகவே ஓட்டம் தடைப்படும். நிபந்தனை இன்னொன்றும் உண்டு: தீவை முனைகளோடு இணைக்கும் ஒவ்வொரு சந்தியின் மின்தடையும் 25.8 கிலோ ஓமைவிட நன்கு அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலெக்ட்ரான் தீவில் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்தவர்கள் குறைந்த மின்தடையுள்ள டிவைஸில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. நாற்பது வரி நிரல் எழுதுங்கள்

நானோஹப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் உலாவியிலேயே ஓடும் பல உருவகப்படுத்தும் கருவிகள் இலவசம். குவாண்ட் (Kwant) என்ற பைத்தான் நூலகமும் இலவசம். இரண்டும் நல்லவை. ஆனாலும் முதல் நிரலை நீங்களே எழுதுங்கள். பொத்தானை அழுத்தி வரும் வளைவு எதையும் கற்றுத்தராது.

ஒரு பரிமாணச் சங்கிலி போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆற்றல், பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே ஒரு இணைப்பு. இரு முனைகளின் தாக்கத்தை முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் ஒரு சிக்கலெண்ணாகச் சேருங்கள். பார்க்கும் ஆற்றலிலிருந்து இந்த மேட்ரிக்ஸைக் கழித்துத் தலைகீழாக்கினால் கிரீன் சார்பு கிடைக்கும்; ஒரு புள்ளியில் விட்ட அலை மற்றொரு புள்ளியில் எவ்வளவு தெரியும் என்று அது சொல்லும். அதிலிருந்து ஊடுகடத்தும் நிகழ்தகவு. சுதந்திர எலெக்ட்ரானுக்குப் புள்ளி இடைவெளி 0.3 நானோமீட்டர் வைத்தால் இணைப்பு ஆற்றல் 0.42 எலெக்ட்ரான் வோல்ட் வரும். நீங்கள் பார்க்கும் ஆற்றல் அதைவிடச் சிறிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சங்கிலி உண்மையான எலெக்ட்ரானைப் போல நடக்காது.

தடுப்பு ஏதும் வைக்காமல் முதலில் ஓட்டுங்கள். சங்கிலி அனுமதிக்கும் ஆற்றல் பட்டைக்குள் எல்லா ஆற்றலிலும் நிகழ்தகவு மிகச்சரியாக 1 வர வேண்டும். 0.97 வந்தாலோ அலை அலையாக வந்தாலோ முனையின் சிக்கலெண்ணில் குறி மாறியிருக்கிறது, அல்லது முதல் புள்ளிக்குப் பதில் இரண்டாவதில் சேர்த்திருக்கிறீர்கள். இந்தச் சோதனையில் தேறாத நிரலில் தடுப்பு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. தேறிய பிறகு ஒரு தடுப்பு, பிறகு ஒரே மாதிரியான இரண்டு தடுப்பு. இரண்டு தடுப்பில், ஒவ்வொன்றும் தனியாக ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாலும், ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் நிகழ்தகவு 1 வரை எழும்பும். அந்தக் கூர்முனையைத் திரையில் முதன்முறை பார்ப்பது நல்ல அனுபவம். ஆற்றல் படிகளை நெருக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் கூர்முனை இரு படிகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும்.

7. லேப்பில் கால் வைக்கும் முன்

இங்கேதான் பணமும் நேரமும் கரையும். டிவைஸ் செய்ய வாரங்கள் ஆகும். கெடுக்க ஒரு நொடி போதும்.

உங்கள் உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நீங்கள் உணராமலே ஆயிரம் வோல்ட்டைத் தாண்டலாம். பத்து நானோமீட்டர் சிலிக்கன் ஆக்சைடு தாங்குவது சுமார் பத்து வோல்ட். தரையோடு இணைத்த மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள். எல்லா முனைகளையும் தரையோடு இணைத்த பிறகே சாம்பிளைப் பொருத்துங்கள். கருவியை இணைத்துப் பூஜ்யத்தில் வைத்த பின்னரே தரை இணைப்பை ஒவ்வொன்றாக எடுங்கள்.

ஓட்டத்துக்கு வரம்பு வையுங்கள். 10 மைக்ரோ ஆம்பியர் சிறிதாகத் தெரியும். பத்துக்குப் பத்து நானோமீட்டர் குறுக்குவெட்டில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆம்பியர். அந்த அடர்த்தியில் உலோக அணுக்களே இடம்பெயரத் தொடங்கும்.

டிவைஸுக்கு முன் ஒரு சாதாரண 10 கிலோ ஓம் மின்தடையை அதே இடத்தில் வைத்து அளவிடுங்கள். 100 மைக்ரோவோல்ட் கொடுத்தால் 10 நானோ ஆம்பியர் வர வேண்டும். வரவில்லையென்றால் கோளாறு உங்கள் கம்பிகளில். லாக்-இன் கருவி (கொடுத்த அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுப்பது) பயன்படுத்தினால் அதிர்வெண்ணை மின்விநியோகத்தின் 50, 60 ஹெர்ட்ஸ்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் விலக்கி வையுங்கள். 17 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். கொடுக்கும் மின்னழுத்தம் வெப்ப ஆற்றலுக்குக் கீழே இருக்கட்டும். ஹீலியத்தில் ஒரு மில்லிவோல்ட் கொடுத்துவிட்டுப் படிகள் தெரியவில்லை என்று வருந்துவதில் பயனில்லை, நீங்களே அவற்றைக் கலக்கிவிட்டீர்கள்.

நான்கு முனை அளவீடு, அதாவது ஓட்டத்துக்கு இரண்டு முனை, மின்னழுத்தம் அளக்கத் தனியாக இரண்டு முனை, எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்வார்கள். பெரிய சாம்பிளுக்குச் சரி. பாலிஸ்டிக் டிவைஸில் நடுவில் வைக்கும் மின்னழுத்த முனைகளே எலெக்ட்ரானைச் சிதறடிக்கும். சிதறடிக்காத மென்மையான முனைகளை வைத்தால், மோதலற்ற வழியின் மின்தடை பூஜ்யமாகவே தெரியும். 2001இல் அப்படியே அளந்தும் காட்டினார்கள். இரண்டு முனையில் 12.9 கிலோ ஓம், நான்கு முனையில் பூஜ்யம், இரண்டுமே சரி. எதை அளந்தோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் தவறு.

முடிந்தால் ஒரே சிப்பில் நான்கைந்து வேறுவேறு நீளங்களில் டிவைஸ் செய்யச் சொல்லுங்கள். மின்தடையை நீளத்துக்கு எதிராக வரைந்து கோட்டை நீளம் பூஜ்யம் வரை நீட்டினால், முனைகளின் பங்கு தானாக வெளிவந்துவிடும். தயாரிக்கும்போது கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. பின்னால் கேட்டால் முழுச் சுற்றும் மறுபடி.

8. எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு அளவீட்டுக் கோப்பின் தலைப்பிலும் இவை இருக்கட்டும்: சாம்பிள் எண், எந்த முனைக்கும் எந்த முனைக்கும் இடையே, வெப்பநிலை, கேட் மின்னழுத்தம், மின்னழுத்தத்தை மாற்றிய வேகமும் திசையும், பெருக்கியின் அளவு, கம்பிகளின் தொடர் மின்தடை. பெருக்கியின் அளவை எழுதாத கோப்பு இரண்டு வாரத்தில் குப்பை. மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இரண்டு வளைவும் எடுங்கள். அவை ஒன்றின்மேல் ஒன்று விழவில்லையென்றால் எங்கோ மின்னூட்டம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

9. ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது

ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் பெரும்பாலான கட்டுரைகளின் முன்பதிப்பு இலவசம். பணம் கட்டும் முன் அங்கே தேடுங்கள். திறந்தவுடன் முன்னுரையைத் தாண்டி நான்கு விவரங்களைத் தேடுங்கள்: எந்த வெப்பநிலை, இரண்டு முனையா நான்கு முனையா, முனைக்கு என்ன உலோகம், எத்தனை டிவைஸில் இதே முடிவு வந்தது. கடைசி விவரம் பெரும்பாலும் துணைக்கோப்பில் ஒளிந்திருக்கும். அச்சு மடக்கை அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மடக்கை அச்சில் மூன்று மடங்கு வித்தியாசம்கூட "நன்றாகப் பொருந்துகிறது" என்று தோன்றும்.

நான்கு விவரமும் கிடைத்துவிட்டால் மூன்றாம் படியின் வாய்பாட்டை அவர்களுடைய எண்களில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. விவரம் கிடைக்கவில்லையென்றால் கட்டுரையாசிரியருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். படத்தின் எண்ணையும் கேள்வியையும் மட்டும் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.